தூளுக்குச் சத்தம் இல்லை

அந்தப் பொட்டலம் பார்ப்பதற்கு த்ரீ இன் ஒன் காப்பிப் பொட்டலம் போலத்தான் இருந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. வெள்ளி நிறத் தாள், பின்பக்கம் ஜப்பானிய எழுத்துகள். குலுக்கினால் சர்க்கரை மாதிரி சரசரத்தது.

உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் சிங்கப்பூருக்குள் வரவேண்டுமானால் அது என்ன, எதனால் ஆனது, எந்தப் பிரிவில் சேரும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பதினான்கு வருடமாக அதுதான் என் பிழைப்பு. காய்ந்த நெத்திலியும் உறைய வைத்த பலாக்காயும் அப்பள மாவும் என் கை பட்டுத்தான் உள்ளே வந்திருக்கின்றன. எந்தப் பொருளைப் பார்த்தாலும் “இதை எப்படி எழுதுவது?” என்றுதான் முதலில் தோன்றும். தொழில் வியாதி.

பொட்டலத்தைக் கொண்டுவந்தவர் விருந்து நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்யும் இளைஞர். நம் பிள்ளை. ஜப்பான் போய்விட்டு வந்தபோது மாதிரிக்கு ஒன்று வாங்கி வந்தாராம்.

“இது மது அக்கா. தண்ணியைக் கலந்தா காக்டெயில். ஆனா இப்போ வெறும் தூள்தானே? தூளை எப்படி மதுன்னு சொல்வாங்க? சுவையூட்டும் பொருள்னு போட்டுக் கொடுத்திடுங்களேன்.”

“பார்த்துச் சொல்றேன் தம்பி,” என்றேன்.

அவர் போன பிறகு அந்தப் பொட்டலத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எதிர் மேசைச் சீனத் தோழி விநோதமாகப் பார்த்தாள். காப்பிப் பொட்டலத்தை யாராவது பூட்டி வைப்பார்களா? எங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் அவளும் பூட்டியிருப்பாள்.

* * *

என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மூன்று ஷிப்ட் வேலை. சம்பளம் வந்த வாரம் பிராந்தி, மற்ற வாரங்களில் ஸ்டவுட். அடிக்கிற ஆள் இல்லை அவர். சத்தம் போடுகிறவரும் இல்லை. குடித்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார், ஆனால் இல்லை. ஒருமுறை தம்பியைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டார். ஆசிரியை அவனுக்குப் பிஸ்கட் கொடுத்து மாலை நான்கு மணிவரை பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த தம்பி அதைப் பெரிய விருந்துக்குப் போய்வந்தது போலச் சொன்னான். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவுக்குப் படிப்பு ஆறாம் வகுப்புவரைதான். ஆனால் அப்பாவின் குடியைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு இணையான ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. மின்தூக்கியிலிருந்து வெளியே வரும் அப்பாவின் பை எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை வைத்தே உள்ளே போத்தல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பையைத் தரையில் வைக்கும்போது வரும் சின்ன ‘ணங்’ அவருக்குப் போதும். போத்தல் கண்ணில் பட்டால் அதன் லேபிளில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைப்பார். கோட்டுக்குக் கீழே இறங்கினால் தெரியும். அப்பா தண்ணீர் கலந்து கோட்டைச் சரிசெய்வார். அப்போது நிறம் வெளுக்கும், அதுவும் தெரியும். எந்தக் குவளையைக் கழுவினாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். அப்பா வாய் நிறைய ஹேக்ஸ் மிட்டாயைப் போட்டுக்கொண்டு வந்தால், அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

எனக்கும் இதில் ஒரு வேலை இருந்தது. “உங்கப்பா எங்க வச்சிருக்காருன்னு பாரு.” பத்து வயதிலிருந்து இதைச் செய்தேன். அரிசி டின், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்புறம், சப்பாத்து அலமாரியின் கீழ்த்தட்டு, தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பெரிய அண்டா. எல்லா இடமும் எனக்கு மனப்பாடம்.

கடைசியாக அவர் கண்டுபிடித்த இடம் கழிவறை ஃபிளஷ் டாங்கி. அரைப் போத்தலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூடியைத் திறந்து, தண்ணீருக்குள் இறக்கி வைத்துவிடுவார். நல்ல இடம்தான். ஒரே ஒரு குறை. யாராவது ஃபிளஷ் செய்து தண்ணீர் இறங்கும்போது போத்தல் சாய்ந்து பீங்கானில் தட்டும். டொக். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அது 1997. நான் தொடக்கநிலை ஐந்தில் இருந்தேன். அம்மா பேரங்காடிக்குப் போயிருந்தார். போத்தலை எடுத்து, இருந்ததையெல்லாம் தொட்டியில் ஊற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தேநீர்ச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து, நிறம் பார்த்து, போத்தலை நிரப்பித் திரும்ப டாங்கிக்குள் வைத்தேன். அந்த வயதில் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

இரவு அப்பா கழிவறைக்குப் போனார். நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு வெளியே வந்து சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தார். நான் பயிற்சித்தாள் செய்துகொண்டிருந்தேன். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ரொம்பக் களைத்துப் போனவர் மாதிரி இருந்தார்.

“நீயா?” என்றார்.

“அம்மா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு மூன்று மாதம் அவர் சம்பளப் பணத்தை அம்மாவிடம் கொடுக்கவில்லை. அரிசி, மீன், தம்பியின் பால்மாவு எல்லாவற்றையும் தானே வாங்கிவந்து மேசையில் வைத்தார். அம்மா ஒரு வெள்ளிக்குக்கூட அவரிடம் கேட்டு நிற்கவேண்டியிருந்தது. ஊற்றியது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். தேயிலை டின் குறைந்திருந்ததை அவர் கவனிக்காமல் இருந்திருப்பாரா? அவர் அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. இன்றுவரை.

* * *

தூள் மதுவைப் பற்றி நான் முதலில் படித்தது 2014 ஏப்ரலில், எம்ஆர்டியில் வேலைக்குப் போகும்போது. அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த மார்க் ஃபிலிப்ஸ் என்பவர் ‘பால்கஹால்’ என்ற பெயரில் தூள் மது தயாரித்திருந்தார். மலையேறவும் சைக்கிள் ஓட்டவும் போகிறவர் அவர். நாள் முழுதும் நடந்து களைத்தபின் ஒரு மிடறு குடிக்க ஆசை, ஆனால் போத்தலைச் சுமக்க முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அமெரிக்காவில் மதுவுக்கும் புகையிலைக்கும் வரி வசூலிக்கும் மத்திய அமைப்பு அந்த மாதம் அவருடைய லேபிள்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. இரண்டு வாரத்துக்குள் தவறுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று திரும்பப் பெற்றுக்கொண்டது.

நான் நின்றுகொண்டே அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். என்னைச் சுற்றி எல்லாரும் வேடிக்கைச் செய்தி என்று சிரித்திருப்பார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பா அப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். அம்மாவிடம் இருந்த ஆயுதங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பையின் கனம். போத்தலின் சத்தம். பென்சில் கோடு. வெளுக்கும் நிறம். தூளிடம் இவற்றில் எது செல்லும்? காப்பிப் பொட்டலங்களுக்கு நடுவே இன்னொரு பொட்டலம். மைலோ டின்னில் ஒரு கரண்டி. ஃபிளஷ் டாங்கி தேவையே இல்லை.

அன்று தொடங்கிய ஆர்வத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்தேன். இது புதிய சங்கதி இல்லை என்று தெரிந்தது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் வகைப் பொருள்கள் மதுசாரத்தைத் தங்களுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று இருக்கிறது. அதன் மூலக்கூறு வளையம் போன்றது, நடுவே குழி. மதுசாரம் அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் பட்டால் வெளியே வருகிறது. ஜப்பானில் பல பத்தாண்டுகளாக உணவுத் தயாரிப்பில் இதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே சட்டம் 1981லேயே இதைக் கவனித்துவிட்டது. தண்ணீரில் கரைத்தால் மதுசாரம் ஒரு விழுக்காடோ அதற்கு மேலோ வரக்கூடிய தூள், மதுதான். அதற்கு மது வரி உண்டு. பேச்சு முடிந்தது.

எல்லா நாடும் அப்படி முன்கூட்டியே யோசிக்கவில்லை. 2007ல் நெதர்லாந்தில் சில மாணவர்கள் பள்ளிப் பாடத்துக்காக இப்படி ஒரு தூளைச் செய்தார்கள். தண்ணீரில் கலந்தால் மூன்று விழுக்காடு மதுசாரம் உள்ள பானம். அப்போது அங்கே 16 வயதுக்குக் கீழே பீர்கூட விற்கக்கூடாது. அந்த மாணவர்கள் சொன்னது: இது திரவமில்லையே, ஆகவே 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் விற்கலாம்! சட்டத்தில் ‘பானம்’ என்று எழுதியிருந்தால் தூள் அதில் அடங்காது என்பது அவர்கள் வாதம். என் மேசைக்கு வந்த தம்பி பதினைந்து இருபது வருடம் கழித்து அதையேதான் சொன்னார்.

அமெரிக்கக் கதை இன்னும் நீண்டது. 2015 மார்ச்சில் மத்திய அமைப்பு மறுபடியும் லேபிள்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆனால் அந்த நாட்டில் மதுவை அனுமதிப்பதா தடுப்பதா என்பதில் மாநிலங்களுக்குத் தனி அதிகாரம் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் தடைச்சட்டம் கொண்டுவந்தன. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கதவைச் சாத்தின. நியூயார்க் செனட்டர் சக் ஷூமர் நாடு முழுவதும் தடை வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள், மூக்கால் உறிஞ்சுவார்கள், சாப்பாட்டில் தூவுவார்கள், யாருக்கும் தெரியாமல் இன்னொருவர் குவளையில் போடுவார்கள் என்றெல்லாம் அச்சம்.

ஃபிலிப்ஸுக்கும் பதில் இருந்தது. ஒரு குடிக்குத் தேவையான தூள், விமானத்தில் கொடுக்கும் குட்டிப் போத்தலைவிட அதிக இடம் பிடிக்கும். அப்படியானால் ஒளித்து வைக்க எது சுலபம்? மூக்கால் உறிஞ்சினால் எரியும், ஒரு குடி அளவு உள்ளே போக நெடுநேரம் ஆகும். இன்னொருவர் குவளையில் போட்டால் உடனே கரையாது, திரவத்தைக் கலப்பதுதான் அதைவிடச் சுலபம். தடை செய்தால் கள்ளச் சந்தைதான் வளரும். இப்படி வாதாடினார். அவர் சொன்னதில் பாதியாவது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் மலைப்பாதையை நினைத்துப் பேசினார். பென்சிலோடு நிற்கும் ஒரு மனைவியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். குட்டிப் போத்தல் சின்னதாக இருக்கலாம், ஆனால் அது போத்தல். பார்த்தவுடன் தெரியும். பொட்டலம் அப்படியில்லை.

கடைசியில் அந்தப் பொருள் அமெரிக்கக் கடைகளுக்கு வரவே இல்லை. இத்தனை சட்டமும் யார் நாக்கிலும் படாத ஒன்றுக்கு. வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று சிலர் கேலி செய்தார்கள். நான் செய்யமாட்டேன்.

* * *

இங்கே நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் தாண்டினால் நான் சட்டத்துக்குப் பின்பாட்டுப் பாடுவதாக நினைப்பீர்கள்.

நாங்கள் தேக்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தோம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதி ஊழியர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம். எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து புகை தெரிந்தது. விசாரணைக் குழு அமைத்தார்கள். மதுவும் ஒரு காரணம் என்றது குழு. 2015 ஏப்ரல் 1 முதல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தீவு முழுவதும் இரவு 10.30லிருந்து காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7லிருந்து திங்கள் காலை 7வரை பொது இடத்தில் குடிப்பதே குற்றம். அபராதமும் மற்ற இடத்தைவிட ஒன்றரை மடங்கு.

அப்பாவுக்குச் சனிக்கிழமை மத்தியானம் கூட்டாளிகள் இரண்டு பேரோடு புளோக்குக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டின் பீர் குடிக்கும் வழக்கம். சட்டம் வந்த முதல் மாதமே காவலர்கள் இருவர் வந்து, “ஐயா, இங்கே இனிமேல் கூடாது,” என்று சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து பெரிய அவமானம் நடந்தது போல உட்கார்ந்திருந்தார்.

“என்னை ஊர்லேர்ந்து வந்த ஆளுன்னு நினைச்சுட்டாங்க,” என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. உடனே கோபமும் வந்தது. அவருடைய அப்பாவே தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கூலிவேலைக்குக் கப்பலில் வந்தவர்தானே? வாரம் முழுவதும் வெயிலில் வேலை செய்துவிட்டுப் புல்தரையில் உட்கார்ந்து குடிக்கும் அந்த ஊழியருக்குச் சொந்த அறை கிடையாது. அதனால்தான் புல்தரை. சட்டம் அவரைக் கண்ணால் பார்க்க முடிந்தது, பிடித்தது. எங்கள் வீட்டுப் படுக்கையறையை அதனால் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் அன்றுமுதல் அப்பா சனிக்கிழமை டின்னை வீட்டுக்குள் கொண்டுவந்தார். கூட்டாளிகள் இல்லை, பேச்சு இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. 10.30க்குமேல் வாங்கமுடியாது என்பதால் ஒன்று வாங்கும் இடத்தில் இரண்டாக வாங்கிவைத்தார். பெஞ்சில் குடித்ததைவிட அறையில் அதிகம் குடித்தார். இதைப் புள்ளிவிவரமாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தேக்கா அமைதியானதும் உண்மைதான், அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆக, இடத்தைப் பார்த்துப் போட்ட சட்டம் எனக்கு அன்று கசந்தது. இன்றும் கொஞ்சம் கசக்கிறது. ஆனால் அதே சட்டத்தைச் சில ஆண்டுகள் கழித்துத் திருத்தினார்கள். முதலில் வந்தபோது அது மதுவைக் குடிக்கும் பானமாகத்தான் எண்ணியிருந்தது. அரை விழுக்காட்டுக்குமேல் மதுசாரம் இருந்தால் மது. திருத்தத்தில் திரவமல்லாதவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். தூளும் உள்ளே வந்தது. இது அதிகம் பேசப்படவில்லை. நாளிதழில் நாலு பத்தி வந்திருக்கும். தேக்காவில் யாரையும் எழுப்பிவிடவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொருளை மட்டும் பார்த்தது. தூளை விற்கவேண்டுமா? விற்கலாம், உரிமம் எடு. பதினெட்டு வயதுக்குக் கீழே கொடுக்காதே. போத்தலுக்கு என்ன விதியோ அதே விதி உனக்கும்.

எனக்கு அந்தத் திருத்தம் பிடித்திருந்தது. ஒருவர் குடிப்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது என்பதை எங்கள் வீட்டில் பார்த்தவள் நான். ஆனால் ஒரு பொருளைப் பார்த்து ‘இது இன்னதுதான்’ என்று உரக்கச் சொல்வதற்குச் சட்டத்தால் முடியும். எங்கள் வீட்டில் அதைச் சொல்லத்தான் ஆளே இல்லை. அப்பாவின் குடியை எங்கள் வீட்டில் யாரும் குடி என்று சொன்னதில்லை. ‘அப்பாவுக்கு அலுப்பு’ என்போம். சொந்தக்காரர்கள் வந்தால் ‘நைட் ஷிப்ட்’ என்போம். மனநலக் கழகத்தில் இதற்குச் சிகிச்சை உண்டு என்பதைக் கல்லீரல் கெட்ட பிறகு ஒரு தாதி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அது 2017. அப்பா 2019ல் போனார். கடைசி இரண்டு வருடம் ஒரு சொட்டும் தொடவில்லை என்று சொன்னார். அம்மா நம்பினார். நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஃபிளஷ் டாங்கியைத் திறந்து பார்த்தேன். ஒருமுறை நான் மூடியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரும் எதுவும் சொல்லவில்லை. அன்று சொல்லியிருக்கலாம், ‘அன்னிக்கு ஊத்தினது நான்தான்பா’ என்று. அவர் நகர்ந்து வழிவிட்டார், நான் போய்விட்டேன்.

* * *

மறுநாள் காலை அந்தத் தம்பியை அழைத்தேன்.

“தம்பி, இது மதுதான். தூளா இருந்தாலும் மது. சுவையூட்டும் பொருள்னு நான் எழுதமாட்டேன். உரிமத்தோட முறையா கொண்டுவரணும்னா சொல்லுங்க, என்னென்ன வேணும்னு கேட்டுச் சொல்றேன்.”

“யாருக்கா இதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?”

“நான் பார்த்துட்டேனே.”

கொஞ்சம் முகம் சுளித்தமாதிரி மௌனம். பிறகு வேண்டாம், செலவு கட்டாது என்றார். என் முதலாளிக்கு ஒரு சிறு வாடிக்கை போனதில் வருத்தம்தான். அரைநாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பொட்டலத்தைத் தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். இழுப்பறையைத் திறந்து கொடுக்கும்போது ஏனோ ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன். காதருகே வைத்துக் கேட்டால் மட்டும் லேசான சரசரப்பு. ஒரு கை தள்ளிப் பிடித்தால் அதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது தம்பியோடு செங்காங்கில் இருக்கிறார். தம்பி குடிப்பதில்லை. அவன் மனைவி வீட்டு விருந்துகளில்கூடத் தொடமாட்டான். ஏன் என்று யாராவது கேட்டால் வயிற்றுப்புண் என்பான். பேரப்பிள்ளைகள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில் அந்தத் தூளைப் பற்றிச் சொன்னேன். இப்படி ஒன்று இருக்கிறது, பொட்டலத்தில் வருகிறது, தண்ணீரில் போட்டால் சாராயம் என்று.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“கரைச்சா வாசம் வருமா?”

“கரைச்ச பிறகு வரும்மா. அதுக்கு முன்னாடி அவ்வளவா தெரியாது.”

“பொட்டலத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு வெளியேருந்து தெரியுமா?”

“தெரியாது.”

அவர் யோசித்தார். எழுபத்தொரு வயதிலும் அந்தக் கண்கள் அப்படியே இருந்தன, மின்தூக்கிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற அதே கண்கள். எங்கே கோடு போடுவது என்றுதான் யோசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

“அம்மா,” என்றேன். “அந்த ஃபிளஷ் டாங்கி பிராந்தி. நான்தான் ஊத்தினேன். அப்பாகிட்ட உங்க பேரைச் சொல்லிட்டேன்.”

“தேயிலைய அவ்வளவு போட்டா கசக்காதா?” என்றார் அம்மா. “அரைக் கரண்டி போதும் அதுக்கு.”

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் குடித்து முடித்த மைலோக் குவளையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். குழாயைத் திறப்பதற்கு முன், வழக்கம்போல, ஒருமுறை அதை மூக்கருகே கொண்டுபோனார்.